செயலியும் ரேடியோவும்: உணரிக் கணுவின் மின்கணக்கு

வெப்பம், அதிர்வு, நீர்மட்டம், ஈரப்பதம் போன்ற ஏதேனும் ஒன்றை அளந்து, அந்த அளவைத் தொலைவிலுள்ள கணினிக்குக் கம்பியின்றி அனுப்பும் சிறு கருவிகள் பல சேர்ந்து இயங்குவதே கம்பியில்லா உணரி வலையமைப்பு எனப்படுகிறது. அதிலுள்ள ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. கணுவின் பெட்டியைத் திறந்தால் அளக்கும் உணரி, அளந்ததை எண்ணாக மாற்றிக் கையாளும் நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு செயலி, அனுப்பவும் பெறவும் ஒரு ரேடியோச் சில்லு, இவற்றுக்கு மின்சாரம் தரும் பேட்டரி ஆகியவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் இராது. கைபேசியோ கணினியோ வாங்குவோர் வேகத்தையும் நினைவகத்தையும் முதலில் பார்ப்பது வழக்கம். அதே கண்ணோடு கணுவுக்குச் சில்லு தேடுவோர் பெரும்பாலும் தவறான இடத்திலேயே தேடுகின்றனர். கணு தன் வாழ்நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேலான நேரத்தை எந்த வேலையும் செய்யாமல் கழிக்கிறது. அந்த நேரத்தில் அது எவ்வளவு மின்சாரம் உண்கிறது, விழிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பவையே தேர்வின் முதல் இரு கேள்விகள்.

தேர்வு இடத்தைப் பொறுத்தது என்பதற்குச் சென்னையின் மேற்குப் புறத்திலுள்ள மண்ணூர்பேட்டை நல்ல எடுத்துக்காட்டாகும். 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய இந்தப் பகுதியில் லேத் பட்டறைகளும் வார்ப்படக் கூடங்களும் தகர ஷெட்டுகளும் நெருங்கி நிற்க, சில கிலோமீட்டருக்குள்ளேயே கொரட்டூர் ஏரி விரிந்து கிடக்கிறது. பட்டறையிலுள்ள காற்றழுத்தி ஒன்றின் அதிர்வைக் கண்காணிக்க ஒரு கணுவையும், ஏரியின் நீர்மட்டத்தைக் கால் மணிக்கு ஒருமுறை அறிவிக்க மற்றொரு கணுவையும் ஒருவர் அமைக்க எண்ணினால், இரண்டுக்கும் ஒரே சில்லுகளை வாங்குவது ஏறத்தாழ நிச்சயமாகப் பிழையாகவே முடியும்.

கணக்கைப் பேட்டரியிலிருந்து தொடங்குவதே முறை. பெட்டிக்கடையில் கிடைக்கும் ஏ.ஏ. அளவு அல்கலைன் பேட்டரி ஏறத்தாழ 2,500 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் கொண்டது. அதாவது 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை அது 2,500 மணி நேரம் தரும். இரண்டைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் 3 வோல்ட் ஆகும். மின்னூட்டம் அதே 2,500தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய, கணுக்களின் முதற்காலத்தில் பெரிதும் பயன்பட்ட சி.சி. 2420 என்ற ரேடியோச் சில்லு அலையை அனுப்பும்போது 17.4 மில்லி ஆம்பியரும், பிறர் அனுப்புவதற்குக் காது கொடுத்துக் காத்திருக்கும்போது 18.8 மில்லி ஆம்பியரும் எடுத்துக்கொண்டது. பேசுவதைவிடக் கேட்பதற்கே கூடுதல் செலவு என்ற இந்த முரண் குறைந்த திறனுள்ள ரேடியோக்களில் பொதுவானது. ஏனெனில் மிக நலிந்த அலையைப் பெருக்கிப் பிரித்தறியும் சுற்றுகள் அனைத்தும் கேட்கும் நேரம் முழுவதும் விழித்திருக்க வேண்டும். இந்தச் சில்லை எப்போதும் கேட்கும் நிலையில் வைத்தால் இரண்டு பேட்டரிகளும் 133 மணி நேரத்தில், அதாவது ஐந்தரை நாளில் தீர்ந்துவிடும். நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழிக்கச் செய்தால் அதே பேட்டரி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தாங்கும். விழித்திருக்கும் நேரத்துக்கும் மொத்த நேரத்துக்குமான இந்த விகிதம் பணிச் சுழற்சி எனப்படுகிறது. கணு வடிவமைப்பில் வேறெந்த எண்ணைக் காட்டிலும் இதற்கே எடை அதிகம்.

இந்த உண்மை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான கணுக்களின் வரிசையில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. 1990களின் இறுதியில் கிரிஸ் பிஸ்டர் முன்வைத்த ‘ஸ்மார்ட் டஸ்ட்’ என்னும் துகள் அளவுக் கணுக்களின் கனவிலிருந்து கிளைத்த அந்த வரிசையில், மைக்கா 2, மைக்கா இசட் ஆகிய கணுக்கள் அட்மெல் நிறுவனத்தின் ஏ.டி. மெகா 128எல் என்ற 8 பிட் செயலியைக் கொண்டிருந்தன. 2004–05இல் வந்த டெலோஸ் கணுவோ டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எம்.எஸ்.பி. 430 என்ற 16 பிட் செயலிக்கு மாறியது. நிரல் நினைவகத்தில் டெலோஸ் பின்தங்கியது. மைக்காவின் 128 கிலோபைட்டுக்கு எதிராக அதில் 48 கிலோபைட்டே இருந்தது. எனினும் உறக்கத்திலிருந்து செயல்நிலைக்கு வர மைக்கா 180 மைக்ரோநொடி எடுத்துக்கொண்ட இடத்தில் டெலோஸ் 6 மைக்ரோநொடியில் எழுந்தது. நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை விழித்து உறங்கும் கருவிக்கு, வேலை செய்யாமல் கடிகாரம் நிலைப்படக் காத்திருக்கும் அந்த நேரம் வீண் செலவே.

வேகமும் நினைவகமும் விளம்பரத்தில் இடம்பெறும் அளவுக்கு, குறைந்தபட்ச மின்னழுத்தம் என்ற எண் இடம்பெறுவதில்லை. ஏ.டி. மெகா 128எல் இயங்க 2.7 வோல்ட் வேண்டும், எம்.எஸ்.பி. 430க்கு 1.8 வோல்ட் போதும். புதிதாக 1.5 வோல்ட் காட்டும் அல்கலைன் பேட்டரி, பயன்படப் பயன்பட மெல்ல இறங்கி 0.9 வோல்ட்டில்தான் முற்றிலும் தீர்கிறது. ஆகவே 2.7 வோல்ட் கேட்கும் செயலி, ஒவ்வொரு பேட்டரியும் 1.35 வோல்ட்டுக்கு இறங்கியவுடன் நின்றுவிடும். உள்ளே கணிசமான மின்னூட்டம் மிச்சமிருக்கும்போதே பேட்டரிகள் குப்பைக்குப் போகும். இதில் மற்றொரு நுணுக்கமும் உண்டு. செயலி 1.8 வோல்ட்டில் இயங்கினாலும் சி.சி. 2420 ரேடியோ 2.1 வோல்ட் கேட்பதால், இரண்டையும் சேர்த்த கணுவின் ரேடியோ 2.1 வோல்ட்டிலேயே ஊமையாகிவிடும். பெட்டிக்குள் உள்ளவற்றில் எதற்கு மின்னழுத்தம் அதிகம் தேவையோ அதுவே மற்ற அனைத்தின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் இந்தக் கணுக்கள் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்த இரண்டு பணிகள் இங்கே குறிப்பிடத்தக்கவை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலர் வாழும் மூணாறில், 2005ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நிலச்சரிவு கண்ட அந்தோணியார் காலனியில், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘வின்சாக்’ திட்டத்தின் பகுதியாக மைக்கா இசட் கணுக்களைக் கொண்டு நிலச்சரிவு எச்சரிக்கை அமைப்பை நிறுவியது. ஆழ்துளைகளில் இறக்கப்பட்ட நீரழுத்த உணரிகளும் சாய்வு உணரிகளும் தரும் அளவுகள் கணுக்கள் வழியாக மலையிலுள்ள நிலையத்துக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பல்கலைக்கழகத்தின் கொல்லம் வளாகத்துக்கும் சென்றன. மண் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, மழை வலுக்கும் சில நாள்களில் மட்டும் அவசரமாகப் பேச வேண்டிய இடம் அது. வறண்ட நாளில் அரிதாகவும் மழை நாளில் அடிக்கடியும் அளக்கும் முறைக்கு உறங்கும் செயலி இன்றியமையாதது.

இரண்டாவது, கான்பூர் ஐ.ஐ.டி.யில் காமேஸ்வரி செப்ரோலு, பாஸ்கரன் ராமன் முதலியோர் ரயில்வே பாலங்களைக் கண்காணிக்க வடிவமைத்து 2008இல் வெளியிட்ட ‘பிரைமோன்’. டெலோஸ் வழிவந்த டிமோட் ஸ்கை கணுக்களும் முடுக்க உணரிகளும் பாலத்தில் பொருத்தப்பட, ரயில் வருவதைத் தொலைவிலேயே உணர்ந்து உறங்கும் கணுக்களை எழுப்புவதும், ரயில் கடக்கையில் பாலத்தின் அதிர்வைப் பதிவதும், பதிந்ததைக் கடந்து செல்லும் ரயிலிலேயே ஏற்றி அனுப்புவதும் அதன் திட்டம். தொலைத்தொடர்புக் கோபுரமே இல்லாத ஆற்றங்கரைக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடைப்பது அரிது. நான்கு ஏ.ஏ. பேட்டரிகளில் ஒன்றரை ஆண்டு இயங்கும் என அவர்கள் மதிப்பிட்டதற்குச் செயலியின் வேகம் காரணமன்று. எப்போது விழிப்பது என்பதைக் கணுக்கள் அறிந்திருந்ததே காரணம்.

பாலத்துக்குப் பொருந்தும் அதே அதிர்வுக் கணக்கை மண்ணூர்பேட்டைப் பட்டறையின் காற்றழுத்திக்குப் போட்டுப் பார்த்தால், இதுவரை பின்னுக்குத் தள்ளப்பட்ட செயலி முன்னுக்கு வருகிறது. பேரிங் தேய்மானத்தைக் காட்டும் அதிர்வுகள் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை நீள்வதால் நொடிக்கு 10,000 அளவுகள் எடுக்க நேரிடும். ஓர் அளவுக்கு 2 பைட் என்றால் ஒரே நொடியில் 20 கிலோபைட் சேர்ந்துவிடும். மைக்கா இசட்டின் 4 கிலோபைட் நினைவகம் ஐந்தில் ஒரு நொடியிலும், டெலோஸின் 10 கிலோபைட் அரை நொடியிலும் நிரம்பிவிடும். அளவுகளை அப்படியே அனுப்புவதும் சரியன்று. நொடிக்கு 250 கிலோபிட் வேகமுள்ள ரேடியோவுக்கே இந்த ஒரு நொடிப் பதிவை அனுப்ப, தலைப்புத் தகவல்களையும் மறு அனுப்பல்களையும் சேர்க்காமல், 0.64 நொடி ஆகும். கூட்டு அதிர்வை அதன் தனி அலைவெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றத்தைக் கணுவே செய்து, எந்த அலைவெண்ணில் அதிர்வு எவ்வளவு என்னும் சில எண்களை மட்டும் அனுப்பினால், ரேடியோ விழித்திருக்கும் நேரம் சில மில்லிநொடியாகச் சுருங்கும். இதற்கு 64 மெகாஹெர்ட்ஸில் ஓடும், மிதவைப்புள்ளிக் கணக்குகளை நேரடியாகச் செய்யும் கார்டெக்ஸ் எம்4 வகைச் செயலியும் 256 கிலோபைட் நினைவகமும் கொண்ட என்.ஆர்.எஃப். 52840 போன்ற சில்லு பொருந்தும், அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் அதே சிலிக்கானிலேயே அமைந்திருக்கிறது. ஒரு கிலோபிட்டை 100 மீட்டருக்கு அனுப்பும் ஆற்றலில் ஏறத்தாழ 30 லட்சம் கட்டளைகளை நிறைவேற்றலாம் என்று பாட்டி, கைசர் என்னும் இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் காட்டியது இத்தகைய இடத்துக்கே பொருள் தருகிறது. வேகமான செயலி ஆடம்பரமாவதும் சிக்கனமாவதும், அது ரேடியோவின் வேலையைக் குறைக்கிறதா என்பதைப் பொறுத்ததே.

தகர ஷெட்டுக்குள் அலை செல்லும் வழி வேறொரு சிக்கல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். சுவரிலும் கூரையிலும் எந்திரங்களின் உடலிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் இடத்துக்கும் அழித்துவிடும் இடத்துக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளியே இருப்பதால், ஒரு திருகாணியைச் சற்றுத் தள்ளி அடித்ததாலேயே கணு ஊமையாகிவிடுவதுண்டு. அதே அலைவரிசையில் அலுவலக வைஃபையும் புளூடூத்தும் நெரிசலிடுகின்றன. இங்கே அதிகத் திறனில் கத்துவது பயன் தராது. ஒரு தடத்தில் போகாத செய்தியை வேறு அலைவெண் தடத்துக்குத் தாவி மீண்டும் அனுப்புவதே பயன் தரும். ஆலைகளுக்காக 2007இல் வெளியான வயர்லெஸ் ஹார்ட் நெறிமுறை இந்தத் தடந்தாவலையே அடிப்படையாகக் கொண்டது. அப்படித் தாவும் அளவுக்கு நுட்பமான நேரக் கட்டுப்பாடு சில்லில் உண்டா என்பதைத் தேர்ந்தெடுப்போர் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரக் கட்டுப்பாடு என்றவுடன் சித்திரை வெயில் கணக்கில் நுழைகிறது. உறங்கும் கணு தன் அடுத்த விழிப்பை எண்ணுவது 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தின் துணையால்தான். அந்தப் படிகம் 25 டிகிரி செல்சியஸில் சரியாக ஓடி, அதிலிருந்து விலகிய வெப்பநிலையின் வர்க்கத்துக்கு ஏற்பப் பின்தங்கும் இயல்புடையது. ஒரு டிகிரி வர்க்கத்துக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 0.034 பங்கு. தகரக் கூரைமீது 55 டிகிரியில் காயும் பெட்டிக்குள் இது பத்து லட்சத்தில் 30 பங்காகும். கால் மணி நேரத்தில் 27 மில்லிநொடியும், நாள் முழுதும் அதே சூடு நீடித்தால் இரண்டரை நொடிக்கும் மேலும் கடிகாரம் பின்தங்கும். நிழலில் இருக்கும் மற்றொரு கணு அதே வேளையில் கிட்டத்தட்டச் சரியாக ஓடும். சி.சி. 2420 வகை ரேடியோவின் மிகப் பெரிய செய்திப்பொதியை அனுப்பவே 4 மில்லிநொடிக்குச் சற்று மேல்தான் ஆகும் என்பதை நினைத்தால், அதைத் தவறவிடாமல் கேட்பதற்காகக் கணு முன்னெச்சரிக்கையாக விழித்திருக்கும் நேரம் செய்தியின் நேரத்தைப் போலப் பல மடங்காகிவிடுவது தெரியும். சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கடிகாரச் சில்லைச் சேர்ப்பது, இத்தகைய இடங்களில் பெரிய பேட்டரி வாங்குவதைவிடச் சிறந்த முதலீடு.

ஏரிக்கரைக் கணுவின் தேவை முற்றிலும் எதிர்மாறானது. அனுப்ப வேண்டியது கால் மணிக்கு ஒருமுறை பத்து பைட். தொலைவோ சில கிலோமீட்டர். இங்கே 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முன்னிற்கிறது. ஒரே வகை ஆன்டெனாவோடு திறந்தவெளியில் ஒப்பிட்டால் இந்த அலை 2.4 கிகாஹெர்ட்ஸைவிட 9 டெசிபல் குறைவாகவே இழக்கிறது. அதே திறனில் ஏறத்தாழ 2.8 மடங்கு தொலைவு என்பது அதன் பொருள். இந்திய அரசு 2005இல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை 1 வாட் திறன் வரம்புக்குள் உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. பின்னர் அது 868 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவில் இதே வேலைக்குரிய பட்டை 902 முதல் 928 வரை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை வாங்கிப் பொருத்துவோர் உண்டு. இந்தியாவில் 890 முதல் 915 வரையிலான பகுதி கைபேசிகள் கோபுரத்துக்குப் பேசும் பட்டை என்பதை அவர்கள் அறிவதில்லை. சட்டமீறல் ஒருபுறமிருக்க, அக்கம்பக்கத்துக் கைபேசி அழைப்புகளைக் கெடுக்கும் வேலையும் அது.

ஏரிக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது லோரா ரேடியோ. பிரான்சின் கிரெனோபிளில் சைக்லியோ நிறுவனம் உருவாக்கி, 2012இல் செம்டெக் நிறுவனத்தின் கைக்கு மாறிய இந்த நுட்பம், ஒரு தகவலை அகன்ற அலைவெண் பரப்பில் நீட்டி அனுப்புவதால் இரைச்சலுக்குக் கீழே மூழ்கிய அலையையும் மீட்டெடுக்கிறது. நீட்டும் அளவைப் பரவல் காரணி என்பர். அது 7 முதல் 12 வரை. தொலைவு கூடுவதற்கான விலை நேரமே. பத்து பைட் தகவல் காரணி 7இல் 60 மில்லிநொடியிலும், காரணி 12இல் ஏறத்தாழ ஒன்றரை நொடியிலும் போய்ச் சேரும். 29 மில்லி ஆம்பியர் எடுக்கும் எஸ்.எக்ஸ். 1276 என்ற லோரா சில்லில் நாளுக்கு 96 முறை அனுப்பினால் முதலாவதற்கு நாளொன்றுக்கு 0.05 மில்லி ஆம்பியர் மணியும், இரண்டாவதற்கு 1.16 மில்லி ஆம்பியர் மணியும் செலவாகும். ஒழுங்கான உயரத்தில் ஆன்டெனாவை வைத்துக் காரணியை 7க்கு இறக்கும் கம்பம் நடும் வேலை, சில்லுத் தேர்வைவிடக் கூடுதலாக மிச்சப்படுத்தும். 865 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆன்டெனா 8.7 சென்டிமீட்டர் நீளம்தான். அதை இரும்புப் பெட்டிக்குள் மடக்கி வைப்போரையும் காண முடிகிறது.

இவ்வளவு சிக்கனமும் உணரியில் கரைந்துபோகலாம். நீர்மட்டத்துக்குத் தொழிற்சாலைகளில் வழங்கும் அழுத்த உணரி 24 வோல்ட்டில் இயங்கி, வெற்று நிலையில் 4 மில்லி ஆம்பியரும் நிறைந்த நிலையில் 20 மில்லி ஆம்பியரும் எடுக்கும். 3 வோல்ட் பேட்டரியிலிருந்து அந்த 24 வோல்ட்டை உண்டாக்கும்போது, இழப்பே இல்லையென்று கொண்டாலும், 20 மில்லி ஆம்பியர் 160 ஆகிவிடும். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு நொடி என்றால் நாளுக்கு 8.5 மில்லி ஆம்பியர் மணி; ரேடியோவின் மிக மோசமான செலவைப்போல் ஏழு மடங்கு. அதிலும் ஏரி நிறைந்து கலங்கல் வழிய நிற்கும் நாள்களில்தான் உணரி அதிகம் உண்கிறது. எச்சரிக்கை தேவைப்படும் மழைநாளில் பேட்டரி வேகமாகத் தீரும்படி அமைந்த கருவியை யாரும் வேண்டுமென்றே வடிவமைப்பதில்லை. ஆயினும் உணரியைக் கடைசியில் தேர்ந்தெடுப்போர் அதையே செய்து முடிக்கின்றனர். 3 வோல்ட்டில் இயங்கும் எண்முறை உணரி கிடைத்தால் அதையும், 12 பிட் அளவு மாற்றி உள்ள செயலியையும் கொள்வது நலம். 5 மீட்டர் ஆழத்தை 10 பிட் மாற்றி 1,024 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 5 மில்லிமீட்டர்; 12 பிட்டில் அது 1.2 மில்லிமீட்டர்.

வைஃபை உள்ள ஈ.எஸ்.பி. 32 போன்ற சில்லுகள் மலிவானவை, நிரல் எழுத எளிதானவை. ஆனால் அனுப்பும் கணத்தில் 240 மில்லி ஆம்பியர் வரை அவை இழுப்பதால் கடிகாரப் பேட்டரியில் அவற்றை ஓட்ட நினைப்பது வீண். இங்கே ஒன்றைத் துணிந்து சொல்ல வேண்டும்: கைக்கெட்டும் தூரத்தில் மும்முனை மின்சாரம் ஓடும் பட்டறைக்குள், நகராத எந்திரத்துக்குப் பேட்டரிக் கணு தேடுவது பெரும்பாலும் நாகரிக மோகமே. பிளக்கில் செருகிய ஈ.எஸ்.பி. 32 அங்கே எல்லாவற்றையும் வெல்லும். மின்தடையைத் தாண்ட ஒரு சிறு மறுமின்னேற்றப் பேட்டரி போதும்.

உள்நாட்டுச் செயலிகளும் இந்தத் துறையில் கால் வைத்திருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ திட்டம் ரிஸ்க் ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின்மீது செயலிகளை வடிவமைத்து, பொருள்களின் இணையத்துக்கான ‘மௌஷிக்’ சில்லை 2020இல் அறிவித்தது. அது சண்டிகரை அடுத்துள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்டது. உரிமக் கட்டணமற்ற செயலி என்பது பெரும் நன்மைதான். எனினும் பேட்டரிக் கணுவுக்குச் செயலியும் ரேடியோவும் ஒரே சில்லில் அமைந்து உறக்கத்தில் ஓரிரு மைக்ரோ ஆம்பியரில் நிற்க வேண்டும். கார்டெக்ஸ் எம்4 செயலியோடு லோரா ரேடியோவையும் ஒரே உடலில் கொண்ட எஸ்.டி.எம். 32 டபிள்யூ.எல். போன்றவை அந்த வேலைக்கென்றே வந்தவை என்பதால், இப்போதைக்கு ஏரிக்கரைக்கு அவையே பொருத்தம்.

எந்தச் சில்லைத் தேர்ந்தாலும் தரவுத்தாளில் அச்சிட்ட உறக்க மின்னோட்டத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் பயிற்சிப் பலகைகளில் பெரும்பாலும் ஏ.எம்.எஸ். 1117 என்ற மின்னழுத்தச் சீராக்கி இருக்கும். சில்லு 10 மைக்ரோ ஆம்பியரில் உறங்கினாலும் அந்தச் சீராக்கி தனக்கென்று ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டு 2,500 மில்லி ஆம்பியர் மணியை மூன்றே வாரத்தில் தீர்த்துவிடும். பலகையில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு மட்டும் 2 மில்லி ஆம்பியர் எடுத்தால் அதற்கு 52 நாள் போதும். ஆகவே நூறு கணுக்களுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் வாங்கி, விளக்கையும் சீராக்கியையும் எடுத்துவிட்டு, உணரியை இணைத்து உறங்கவைத்து, மைக்ரோ ஆம்பியர் காட்டும் மீட்டரால் ஒரு நாள் முழுதும் அளந்து பார்த்துவிடுவது நல்லது.